பேர் என்ன, பிறந்த தேதி என்ன?

ஆஸ்பத்திரியில் ஒரு ராத்திரி தங்கியவர்கள் எல்லோருக்கும் இந்தச் சந்தேகம் வந்திருக்கும். மணிக்கட்டில் பெயர்ப் பட்டையைக் கட்டிவிட்டவரே அந்த நர்ஸ்தான். அரை மணி நேரம் கழித்து மருந்தோடு வந்து, "பேர் என்ன? பிறந்த தேதி என்ன?" என்கிறார். அடுத்த முறை வரும்போதும் அதே கேள்வி. அப்போதுதான் கண் அசந்திருப்போம். எழுப்பி நாடி பார்க்கிறார்கள். எவ்வளவு தண்ணீர் குடித்தீர்கள், எவ்வளவு சிறுநீர் போனது, வலி பத்துக்கு எத்தனை என்று கேட்டு எழுதிக்கொள்கிறார்கள். மருத்துவர் மூன்று நிமிடத்தில் பார்த்து, நோயின் பெயரைச் சொல்லி, மருந்தும் எழுதிவிட்டுப் போய்விட்டார். அதன் பிறகும் எதற்கு இத்தனை கேள்வி?

அஜ்மானில் இந்தக் கேள்விக்குக் கனம் அதிகம். ஐக்கிய அரபு அமீரகத்தின் ஏழு அமீரகங்களில் பரப்பில் மிகச் சிறியது அஜ்மான். சுமார் 260 சதுர கிலோமீட்டர். அதற்குள் கடற்கரை, கட்டுமான சைட்டுகள், பட்டறைகள், தொழிலாளர் கேம்புகள், பல நாட்டு மனிதர்கள். தமிழ்நாட்டு வார்டில் நோயாளியின் கட்டிலுக்குப் பக்கத்தில் மனைவியோ தம்பியோ இருப்பார்கள். "நேத்து ராத்திரியிலிருந்தே ஒரு மாதிரியாப் பேசுறாரு டாக்டர்" என்று சொல்ல ஆள் உண்டு. இண்டஸ்ட்ரியல் ஏரியா கேம்பிலிருந்து வந்து படுத்திருப்பவருக்கு அப்படி யாரும் இல்லை. கொண்டுவந்து சேர்த்த அறைத்தோழர் அடுத்த டூட்டிக்குப் போயாக வேண்டும். மருத்துவர் ஒரு நாட்டுக்காரர், நர்ஸ் இன்னொரு நாட்டுக்காரர், நோயாளி மூன்றாவது நாட்டுக்காரர்.

நர்ஸின் கேள்விகள் பழக்கத்தில் வருபவை அல்ல. அவை ஒரு சிந்தனை முறையின் படிகள். உலகெங்கும் நர்ஸிங் கல்லூரிகளில் முதல் ஆண்டிலேயே கற்றுத்தரப்படும் அந்த முறையைச் 'செவிலியச் செயல்முறை' என்போம். அதில் ஐந்து படிகள்: நிலையை மதிப்பிடுவது, பிரச்சினையைக் கணிப்பது, இலக்கு வைத்துத் திட்டமிடுவது, செய்வது, செய்தது பலித்ததா என்று மறுபடி மதிப்பிடுவது. ஐந்தாவது முடிந்தால் முதலாவதற்குத் திரும்ப வேண்டும். நோயாளி வீடு திரும்பும் வரை இந்தச் சுற்று நிற்காது.

பெயரில் உள்ள சிக்கல்

எளிய கேள்வியிலிருந்தே தொடங்கலாம். மருந்து கொடுக்கும் முன், ரத்தம் எடுக்கும் முன், நோயாளி யார் என்பதை இரண்டு அடையாளங்களைக் கொண்டு உறுதி செய்ய வேண்டும் என்பது இன்று சர்வதேச அளவில் ஏற்கப்பட்ட பாதுகாப்பு விதி. கட்டில் எண்ணையோ அறை எண்ணையோ அடையாளமாகக் கொள்ளக் கூடாது. கட்டில் மாறலாம், மனிதர் மாற மாட்டார்.

தமிழர்களுக்கு இதில் கூடுதல் சிக்கல் உண்டு. நம் பெயருக்கு முன்னால் இருக்கும் இனிஷியல், பாஸ்போர்ட்டில் அப்பாவின் முழுப் பெயராக விரிகிறது. அரபு நாட்டு கவுன்டரில் அது குடும்பப் பெயராகப் பதிவாகிவிடும். பிறகு அப்பா பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார்கள். நாம் வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று பேசாமல் உட்கார்ந்திருப்போம். ஒரே வார்டில் இரண்டு குமார், மூன்று முகம்மது இருப்பதும் சாதாரணம். அதனால்தான் பிறந்த தேதியையும் சேர்த்துக் கேட்கிறார்கள்.

கேட்கும் விதத்திலும் பாடம் இருக்கிறது. "நீங்கதானே குமார்?" என்று கேட்டால், காய்ச்சல் மயக்கத்தில் இருப்பவர் எதற்கும் தலையாட்டுவார். "உங்க பேரைச் சொல்லுங்க" என்றால் அவரே சொல்லியாக வேண்டும். அப்படிச் சொல்லும்போது அவருடைய குரல் தெளிவாக இருக்கிறதா, மூச்சு வாங்குகிறதா, நினைவு சரியாக இருக்கிறதா என்பதையும் நர்ஸ் பார்த்துவிடுகிறார். முந்தைய முறை பட்டென்று பிறந்த தேதி சொன்னவர் இப்போது யோசிக்கிறார் என்றால், அது மருத்துவரைக் கூப்பிட வேண்டிய செய்தி.

ஒரு நோயாளியைப் பின்தொடர்வோம்

ஐந்து படிகளையும் பார்க்க ஒரு நோயாளி வேண்டும். இவர் இந்த அத்தியாயத்துக்காக அமைத்துக்கொண்ட கற்பனை மனிதர். ஆனால் இவரைப் போன்றவர்களை வளைகுடாவின் எந்த அவசர சிகிச்சைப் பிரிவிலும் கோடையில் பார்க்கலாம். வயது 46. ராமநாதபுரம் மாவட்டத்துக்காரர். ஷட்டரிங் கார்பென்டர். எடை 70 கிலோ. ஆகஸ்ட் மாதம் ஒரு நாள் மாலை நாலரை மணிக்கு வாந்தி, தலைச்சுற்றல், கெண்டைக்கால் பிடிப்புடன் வருகிறார்.

அமீரகத்தில் ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை, பகல் 12.30 முதல் 3 மணி வரை திறந்தவெளியில் வெயிலில் வேலை வாங்கத் தடை இருக்கிறது. அந்த நேரத்தில் இவர் வேலை செய்யவில்லை. ஆனால் காலை வேலையும் மூன்று மணிக்குப் பிறகான வேலையும் குளிர்ந்த நேரத்தில் நடப்பவை அல்ல. அஜ்மான் கடலோர ஊர். காற்றில் ஈரம் நிறைந்திருக்கும்போது வியர்வை ஆவியாகாமல் வழிந்து கீழே விழுகிறது. உடலைக் குளிர வைப்பது வியர்வை ஆவியாவதுதான். வெறுமனே வழிவதால் தண்ணீரும் உப்பும்தான் நஷ்டம். கடும் உழைப்பில் ஒரு மணி நேரத்துக்கு ஒரு லிட்டருக்கு மேலும் வியர்வை போகலாம்.

மருத்துவர் பார்க்கிறார். நினைவு தெளிவாக இருக்கிறது; உடல் வெப்பம் 38.4 டிகிரி. 40 டிகிரியைத் தாண்டி, பேச்சும் குழறியிருந்தால் அது உயிரைப் பறிக்கும் வெப்பவாதம். இவருக்கு வந்திருப்பது அதற்கு முந்தைய கட்டமான வெப்பக் களைப்பும் நீரிழப்பும். டிரிப்ஸ், ரத்தப் பரிசோதனை, வாந்திக்கு ஊசி என்று எழுதிவிட்டு அடுத்த நோயாளியிடம் போகிறார். அங்கே அவர் தேவை.

இனி நர்ஸின் வேலை. இவர் கன்னியாகுமரி மாவட்டத்துக்காரர் என்று வைத்துக்கொள்வோம்.

முதல் படி: மதிப்பிடுவது

முதலில் எண்கள். நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 118. மேல் ரத்த அழுத்தம் 96. மூச்சு நிமிடத்துக்கு 22. ரத்தத்தில் ஆக்சிஜன் 98 சதவீதம். சிறுநீர் கட்டஞ்சாயா நிறத்தில்.

இந்த எண்களைத் தனித்தனியாகப் பார்த்தால் எதுவும் பயமுறுத்தாது. சேர்த்துப் பார்க்க ஒரு வழி இருக்கிறது. லண்டனில் உள்ள ராயல் காலேஜ் ஆஃப் பிசிஷியன்ஸ் 2012-ல் ஒரு முன்னெச்சரிக்கை மதிப்பெண் முறையை வெளியிட்டு, 2017-ல் திருத்தியது. மூச்சு, ஆக்சிஜன், ரத்த அழுத்தம், நாடி, நினைவு, வெப்பம் ஆகிய ஆறுக்கும் இயல்பிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்பதைப் பொறுத்து 0 முதல் 3 வரை மதிப்பெண். நம் நோயாளிக்கு மூச்சுக்கு 2, ரத்த அழுத்தத்துக்கு 2, நாடிக்கு 2, வெப்பத்துக்கு 1, மற்ற இரண்டுக்கும் பூஜ்யம். கூட்டினால் 7. அந்த முறையில் 7 என்றால் அவசரம், ஆளை விட்டு நகராதே என்று பொருள். கொஞ்சம் வேகமான நாடியும் கொஞ்சம் குறைந்த அழுத்தமும் ஒன்றாக வரும்போது உடல் சொல்லும் செய்தியே வேறு.

எண்களுக்குப் பிறகு கேள்விகள். மருத்துவர் ஏற்கெனவே "ஏதாவது மருந்து சாப்பிடுகிறீர்களா?" என்று கேட்டார். இல்லை என்று பதில் வந்தது. நர்ஸ் வேறு விதமாகக் கேட்கிறார்.

"அண்ணா, தினமும் ஏதாவது மாத்திரை போடுவீங்களா?"

"நோய்னு ஒண்ணும் இல்ல சிஸ்டர்."

"நோய் இல்லாட்டியும் பரவாயில்ல. காலைல எழுந்ததிலேருந்து வாயில போட்டதையெல்லாம் வரிசையாச் சொல்லுங்க."

"சாயா, குப்பூஸ்... அப்புறம் அந்த பி.பி. மாத்திரை ஒண்ணு. அது எப்பவும் போடுறதுதான். வீட்டுல வாங்கி, ஊர்லேருந்து வர்றவங்ககிட்ட குடுத்து விடுவாங்க."

மாத்திரையின் பெயர் அவருக்குத் தெரியவில்லை. அட்டை கேம்ப் அறையில் கிடக்கிறது. நர்ஸ் ஊருக்கு போன் போடச் சொல்கிறார். அஜ்மானில் ஆறு மணி என்றால் ராமநாதபுரத்தில் ஏழரை. அமீரகத்தில் வாட்ஸ்அப் அழைப்பு போகாது என்பதால் போட்டிம் செயலியில் கூப்பிடுகிறார். மனைவி வீட்டிலிருக்கும் அதே மாத்திரை அட்டையைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார். அதில் ரத்த அழுத்த மருந்தோடு, உடலிலிருந்து நீரை வெளியேற்றும் மருந்தும் கலந்திருக்கிறது. "முதுகு வலிக்குன்னு ஒரு மாத்திரை போடுவாரே, அதைச் சொன்னாரா?" என்று மனைவி கேட்கிறார். அவர் சொல்லவில்லை. இரண்டு மாத விடுமுறை முடிந்து நாலு நாளைக்கு முன்புதான் அஜ்மான் திரும்பினார் என்பதும் அந்தப் பேச்சில்தான் வெளிவருகிறது.

இந்த மூன்று தகவலும் முக்கியம். நீர் பிரிக்கும் மாத்திரை நீரிழப்பைக் கூட்டும். நீரிழப்போடு சில வகை வலி மாத்திரைகளும் சேர்ந்தால் சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தம் இன்னும் குறையும். வெயிலுக்கு உடல் பழக ஒன்றிரண்டு வாரம் ஆகும். விடுமுறையில் அந்தப் பழக்கம் கலைந்துவிடும், திரும்பிய முதல் நாட்களில் ஆபத்து அதிகம். நர்ஸ் உடனே மருத்துவருக்குச் சொல்கிறார். அவர் இரண்டு மாத்திரையையும் நிறுத்தி வைத்து, சிறுநீரகப் பரிசோதனை முடிவைச் சீக்கிரம் அனுப்பச் சொல்கிறார்.

இரண்டாம் படி: கணிப்பது

நோயைக் கணிப்பது மருத்துவரின் பொறுப்பு. அந்த நோயால் இந்த மனிதருக்கு இப்போது என்னென்ன சிரமம், இனி என்னென்ன ஆபத்து என்று கணிப்பது நர்ஸின் பொறுப்பு. 'செவிலியக் கணிப்பு' என்பது இதுதான். ஒரே நோயுள்ள இரண்டு பேருக்கு இது வேறு வேறாக அமையும்.

நல்ல கணிப்பில் மூன்று பகுதி இருக்கும்: பிரச்சினை என்ன, எதனால், எதை வைத்துச் சொல்கிறோம். நம் நோயாளிக்கு நர்ஸ் எழுதுவது இப்படி இருக்கும்.

ஒன்று: உடலில் நீர் குறைவு. காரணம் வியர்வை, வாந்தி, நீர் பிரிக்கும் மாத்திரை. சான்று வேகமான நாடி, குறைந்த அழுத்தம், அடர்ந்த சிறுநீர்.

இரண்டு: கீழே விழும் ஆபத்து. நாம் எழுந்து நின்றதும் அரை லிட்டருக்கு மேல் ரத்தம் கால்பக்கம் இறங்கும். நீர் குறைந்த உடலால் அதை உடனே ஈடுகட்ட முடியாது, கண் இருட்டும். இவருக்கு ஏற்கெனவே தலைச்சுற்றல் இருக்கிறது.

மூன்று: கவலை. நாளைக்கு வேலைக்குப் போகாவிட்டால் சம்பளம் என்ன ஆகும், பில் எவ்வளவு வரும் என்று இரண்டு முறை கேட்டுவிட்டார். கையெழுத்துப் போட்டுவிட்டு ராத்திரியே கிளம்பிவிடலாம் என்ற எண்ணம் அந்தக் கேள்விக்குள் இருக்கிறது.

மூன்றாவதை மென்மையான விஷயம் என்று ஒதுக்க முடியாது. சிகிச்சை பாதியில் நிற்பதற்குக் கவலையும் ஒரு காரணம். அஜ்மான் உள்ளிட்ட வடக்கு அமீரகங்களிலும் 2025 ஜனவரி 1 முதல் தனியார் நிறுவனத் தொழிலாளர்களுக்கு மருத்துவக் காப்பீடு கட்டாயம் என்பது இவருக்குத் தெரியாமல் இருக்கலாம். அதை விளக்கக்கூடிய ஆளைக் கட்டிலுக்கு அழைத்து வருவதும் நர்ஸின் சிகிச்சையில் சேர்த்திதான்.

மூன்றாம் படி: அளக்கக்கூடிய இலக்கு

"நோயாளி தேற வேண்டும்" என்று எழுதினால் அது ஆசை; இலக்கு அல்ல. தேறினாரா இல்லையா என்று அடுத்து வரும் நர்ஸ் எதை வைத்துச் சொல்வார்? அதனால் இலக்கில் எண்ணும் நேரமும் இருக்க வேண்டும். இரவு ஒன்பது மணிக்குள் நாடி நூறுக்குக் கீழே வர வேண்டும். மேல் அழுத்தம் நூறைத் தாண்ட வேண்டும். எழுந்து நின்று மூன்று நிமிடத்துக்குள் மேல் அழுத்தம் 20 புள்ளிக்கு மேல் சரியக் கூடாது.

சிறுநீருக்கும் கணக்கு உண்டு. பெரியவர்களுக்குக் குறைந்தபட்சம் ஒரு கிலோ எடைக்கு மணிக்கு அரை மில்லி சிறுநீர் பிரிய வேண்டும். எழுபது கிலோ மனிதருக்கு மணிக்கு 35 மில்லி. மாலை ஐந்திலிருந்து ஒன்பது வரை நாலு மணி நேரத்துக்கு 140 மில்லி. சிறுநீரகத்துக்குப் போதுமான ரத்தம் போகிறதா என்பதை வெளியிலிருந்து அறிய இதைவிட மலிவான கருவி கிடையாது. "எவ்வளவு போச்சு?" என்று விடாமல் கேட்பது இதற்காகத்தான்.

நான்காம் படி: செய்வது

இப்போதுதான் நாம் வழக்கமாக 'நர்ஸ் வேலை' என்று நினைக்கும் பகுதி வருகிறது. டிரிப்ஸ் போடுவதும் ஊசி போடுவதும் மருத்துவர் எழுதியபடி. மற்ற பல வேலைகளுக்கு யாரும் எழுதித் தர வேண்டியதில்லை; அவை நர்ஸின் சொந்த முடிவு. ஈரத் துணியால் உடம்பைத் துடைத்துக் காற்றுப் பட வைப்பது, வாந்தி நின்றதும் உப்புச்சர்க்கரைக் கரைசலை ஒரேயடியாகக் கொடுக்காமல் மடக்கு மடக்காகக் கொடுப்பது, கட்டிலைத் தாழ்த்தி, பக்கக் கம்பியை ஏற்றி, அழைப்பு மணியைக் கைக்கெட்டும் இடத்தில் வைப்பது, "நான் வராம எழுந்திரிக்காதீங்க அண்ணா" என்று சொல்லி அவர் வாயாலும் அதைச் சொல்ல வைப்பது. உள்ளே போகும் நீர் எவ்வளவு, வெளியே வருவது எவ்வளவு என்று சார்ட்டில் மணி வாரியாக எழுதுவதும் சேர்த்து.

ஏழு மணிக்கு ஷிஃப்ட் மாறுகிறது. நாடி குறைந்துவருகிறது, அவசர நிலை தணிந்துவிட்டது. பிலிப்பைன்ஸைச் சேர்ந்த நர்ஸிடம் ஒப்படைக்க வேண்டும். ஒப்படைப்புக்கும் ஓர் ஒழுங்கு உண்டு: இப்போதைய நிலை, பின்னணி, என் கணிப்பு, இனி செய்ய வேண்டியது. அமெரிக்கக் கடற்படையின் அணு நீர்மூழ்கிக் கப்பல்களில் பிறந்து, பிறகு மருத்துவமனைகளுக்கு வந்த ஒழுங்கு இது. நீர்மூழ்கியில் ஒருவர் சொல்ல மறந்ததை இன்னொருவர் ஊகிக்கக் கூடாது, வார்டிலும் அப்படித்தான். நம் நோயாளியின் மாத்திரை விவரம், ராமநாதபுரத்து போன் எண், 140 என்ற இலக்கு, பயம், எல்லாம் அந்தச் சில நிமிடப் பேச்சில் கைமாறுகின்றன. தமிழ் தெரியாத நர்ஸுக்கும் இந்த மனிதரின் கதை தெரிந்துவிடுகிறது.

ஐந்தாம் படி: 90 மில்லி

இரவு ஒன்பது மணி. நாடி 96, மேல் அழுத்தம் 112, மூச்சு 16, வெப்பம் 37.4. மாலையில் 7 ஆக இருந்த முன்னெச்சரிக்கை மதிப்பெண் இப்போது 1. ஆனால் சிறுநீர் 90 மில்லிதான். வேண்டியது 140.

இந்த இடத்தில் செயல்முறை நர்ஸை அவசரப்பட விடுவதில்லை. "சிறுநீர் குறைவு" என்று மருத்துவருக்கு போன் செய்தால், இன்னும் ஒரு லிட்டர் டிரிப்ஸ் ஏறக்கூடும். அது தேவைதானா? ஒன்றரை லிட்டருக்கு மேல் உள்ளே போயிருக்கிறது. மற்ற எண்கள் எல்லாம் தேறிவிட்டன. ஒன்று மட்டும் தேறவில்லை. பொருந்தாத எண் தென்பட்டால் முதல் படிக்குத் திரும்பு என்பது விதி. நர்ஸ் திரும்புகிறார். அடிவயிற்றில் கை வைத்துப் பார்க்கிறார், உப்பலாக இருக்கிறது. சிறுநீர்ப்பையை அளக்கும் சிறிய ஸ்கேன் கருவியை வைத்துப் பார்த்தால் உள்ளே 380 மில்லி இருப்பதாகக் காட்டுகிறது. கட்டிலுக்கு அடியில் இருந்த சிறுநீர் பாட்டிலைக் கையில் எடுக்கிறார். நோயாளி முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்.

சிறுநீரகம் ஒழுங்காக வேலை செய்துகொண்டிருந்தது. மனிதர்தான் அடக்கிக்கொண்டிருந்தார். மெல்லிய திரைக்குப் பின்னால், பெண் நர்ஸ் நடமாடும் இடத்தில், படுத்த வாக்கில் பாட்டிலில் போக அவரால் முடியவில்லை. மொழி தெரிந்திருந்தாலும் அவர் அதை வாய்விட்டுச் சொல்லியிருக்க மாட்டார்.

நர்ஸ் ஆண் நர்ஸ் ஒருவரை அழைக்கிறார். முதலில் படுத்த நிலையில் அழுத்தம், பிறகு நின்ற நிலையில். சரிவு 8 புள்ளிதான். சக்கர நாற்காலியில் கழிப்பறைக்கு அழைத்துப் போய், அளவுக் குவளையைக் கொடுத்து, கதவுக்கு வெளியே நிற்கிறார்கள். 400 மில்லி. நிறமும் வெளுத்திருக்கிறது. தேவையில்லாத ஒரு லிட்டர் டிரிப்ஸ் ஏறாமல் தப்பியது. திட்டத்தில் ஒரு வரி மாறியது: பாட்டில் வேண்டாம், துணையோடு கழிப்பறை.

சுவர் எழுப்பும் கொத்தனார் ஒவ்வொரு வரிசைக்கும் ரசமட்டம் வைத்துப் பார்ப்பார். கடைசியில் ஒருமுறை பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் கோணலைக் கண்டுபிடிக்கலாம், திருத்த முடியாது. மறுமதிப்பீடும் அப்படித்தான். அது வேலை முடிந்ததும் போடும் முத்திரை அன்று. வேலையின் நடுவே வைக்கும் மட்டம்.

யேலில் கேட்ட இரண்டாயிரம் உரையாடல்கள்

இந்த முறை ஒரே நாளில் வந்ததல்ல. 1859 இறுதியில் வெளியான தம் செவிலியக் குறிப்பு நூலில் ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல், கூர்ந்து கவனிப்பதே நர்ஸுக்குத் தர வேண்டிய முதன்மையான பயிற்சி என்றார். ஆனால் கவனித்ததை என்ன செய்வது என்பதை முறைப்படுத்த இன்னும் நூறாண்டு ஆனது.

1950-களில் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் ஐடா ஜீன் ஆர்லாண்டோ என்ற நர்ஸ், வார்டுகளில் நர்ஸும் நோயாளியும் பேசிக்கொள்வதைக் கவனித்துப் பதிவு செய்தார். ஏறத்தாழ 2000 சந்திப்புகள். அவற்றை நல்ல பராமரிப்பு, மோசமான பராமரிப்பு என்று இரண்டாகப் பிரித்து, எது வேறுபடுத்துகிறது என்று தேடினார். அவர் கண்டது எளிமையானது. நோயாளியின் நடத்தையைப் பார்த்ததும் நர்ஸ் மனதில் ஒரு எண்ணம் தோன்றுகிறது. அந்த எண்ணத்தை அப்படியே நம்பி வேலையைச் செய்தால் பராமரிப்பு பல நேரம் தவறுகிறது. "எனக்கு இப்படித் தோன்றுகிறது, சரிதானா?" என்று நோயாளியிடமே சரிபார்த்துவிட்டுச் செய்தால் பலிக்கிறது. 1961-ல் இதை நூலாக வெளியிட்டார். இரவு ஒன்பது மணிக்கு அடிவயிற்றில் கை வைத்துப் பார்த்த அந்த நர்ஸ், அறிந்தோ அறியாமலோ ஆர்லாண்டோவின் மாணவிதான்.

1967-ல் ஹெலன் யூரா, மேரி வால்ஷ் இருவரும் இதை நான்கு படிகளாக வகுத்தார்கள். 1973-ல் செயின்ட் லூயிஸ் நகரில் கூடிய மாநாடு செவிலியக் கணிப்புகளைப் பட்டியலிடத் தொடங்க, கணிப்பு தனிப் படியானது. நம் ஊரின் பங்கும் சிறியதல்ல. 1871-ல் சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் இந்தியாவின் முதல் நர்ஸிங் பள்ளி தொடங்கியது. 1946-ல் வேலூர் சி.எம்.சி.யும் டெல்லியும் நாட்டின் முதல் நர்ஸிங் பட்டப்படிப்புகளைத் தந்தன. அமீரகத்தில் செவிலியர், மருத்துவச்சியர் கவுன்சில் 2009-ல் அமைந்தது. அஜ்மானின் அல் ஜுர்ஃப் பகுதியில் 1998-ல் மருத்துவக் கல்லூரியாகத் தொடங்கிய கல்ஃப் மெடிக்கல் பல்கலைக்கழகத்தில் இன்று நர்ஸிங்கும் பட்டப்படிப்பு.

நேரம் இருந்தால்தான் சிந்தனை

இத்தனை படிகளையும் ஒழுங்காகச் செய்ய நர்ஸுக்கு நேரம் வேண்டும். லிண்டா ஐக்கன் தலைமையிலான ஆய்வுக் குழு 2014-ல் லான்செட் இதழில் வெளியிட்ட ஆய்வு, ஒன்பது ஐரோப்பிய நாடுகளின் 300 மருத்துவமனைகளில் அறுவை சிகிச்சை பெற்ற நாலு லட்சத்துக்கும் மேற்பட்டோரின் பதிவுகளைப் பார்த்தது. ஒரு நர்ஸின் பொறுப்பில் ஒரு நோயாளி கூடும்போது, நோயாளி முப்பது நாட்களுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 சதவீதம் கூடியது. பட்டம் பெற்ற நர்ஸுகளின் பங்கு 10 சதவீதம் கூடியபோது அந்த வாய்ப்பு 7 சதவீதம் குறைந்தது.

நம் நோயாளியின் கதையோடு சேர்த்து இந்த எண்களைப் படிக்க வேண்டும். பன்னிரண்டு பேரைக் கவனிக்கும் நர்ஸுக்கும் டிரிப்ஸ் மாற்ற நேரம் இருக்கும். மாத்திரையின் பெயருக்காக ராமநாதபுரத்துக்கு போன் போடவும், 90 என்ற எண்ணை ஒரு நிமிடம் உற்றுப் பார்க்கவும் நேரம் இருக்காது. ஆள் குறையும்போது முதலில் காணாமல் போவது முதல் படியும் ஐந்தாம் படியும்தான். அவை காணாமல் போனது வெளியே தெரிவதும் இல்லை. நர்ஸை 'உதவிக்கு நிற்பவர்' என்று நினைக்கும் சமூகம் நர்ஸுகளின் எண்ணிக்கையைக் கூட்டச் சொல்லிக் கேட்காது. நாம் கேட்க வேண்டும்.

வீட்டுக்குப் போகும் முன்

மறுநாள் நம் நோயாளி கிளம்பும்போதும் சுற்று நடக்கிறது. "தண்ணி நிறையக் குடிங்க" என்று சொல்லி அனுப்புவது போதாது. "சைட்ல நாளைக்கு என்ன பண்ணுவீங்க, சொல்லுங்க பாப்போம்" என்று கேட்டு, அவர் வாயால் சொல்ல வைக்கிறார்கள். தாகம் எடுக்கும் முன்பே குடிப்பது, சிறுநீர் நிறம் அடர்ந்தால் நிழலுக்கு வந்து ஃபோர்மேனிடம் சொல்வது, லபான் என்னும் மோரோ உப்புச்சர்க்கரைக் கரைசலோ கூடவே வைத்திருப்பது, மருத்துவர் மாற்றித் தந்த மாத்திரையை மட்டும் போடுவது, வலி மாத்திரையைக் கேட்காமல் வாங்காமல் இருப்பது, கூட வேலை செய்பவர் குழறிப் பேசினால் ஒரு நொடியும் தாமதிக்காமல் 998-க்கு ஆம்புலன்ஸ் அழைப்பது. இவற்றை அவர் சொல்லும்போது எங்கே தடுமாறுகிறாரோ அங்கே மறுபடி விளக்குகிறார்கள்.

இந்தச் செயல்முறையில் நோயாளிக்கும் குடும்பத்துக்கும் வேலை உண்டு. வளைகுடாவில் ஆள் இருக்கும் வீடுகள் இன்றைக்கே ஒன்று செய்யலாம். அவர் போடும் ஒவ்வொரு மாத்திரையின் அட்டையையும் படம் எடுத்து அவர் போனிலும் உங்கள் போனிலும் வையுங்கள். எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது, முன்பு என்ன ஆபரேஷன் நடந்தது, பாஸ்போர்ட்டில் உள்ளபடி பெயர், பிறந்த தேதி ஆகியவற்றை அதன் கீழே எழுதுங்கள். அவரோடு அறையில் தங்கியிருக்கும் ஒருவருடைய எண்ணை வாங்கி வையுங்கள். படுக்கையில் இருப்பவர் "ஒண்ணுமில்ல சிஸ்டர்" என்று சொல்லும் பழக்கத்தை விட வேண்டும். வலியோ, வெட்கமோ, பணக் கவலையோ, எதுவாக இருந்தாலும் சொல்லுங்கள். அதைத் தெரிந்துகொள்ளத்தான் நர்ஸ் கேட்கிறார். தெரிந்தால் அவர் திட்டத்தை மாற்றுவார்.